ஸ்ரீநகரத்து ஓடைகளில் தூண்டில்



மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் கடைத்தெருவில் ‘ராவஸ்’ என்று கேட்டு வாங்கும் மீனைச் சென்னையில் நம்மவர் ‘காலா’ என்பர். உணவு விடுதிகளின் பட்டியலிலோ அதற்கு ‘இந்தியன் சால்மன்’ என்று பெயர். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு ஆண்டுகள் பல கழித்துவிட்ட நமக்கு, ஒரு பெயர் இரண்டு பொருள்களின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கக் கண்டால் சற்று நின்று பார்க்கும் வழக்கம் உண்டு. காலா மீன் கடல் மீன். சால்மன் என்னும் குடும்பத்தோடு அதற்கு யாதோர் உறவும் இல்லை. இங்கு வந்த வெள்ளையர், தம் ஊர் மீனின் நினைவால் அதற்கு அப்பெயரைச் சூட்டிவிட்டனர். ஊரைவிட்டுப் பிரிந்து வாழ்பவர் இவ்வாறு செய்வது இயல்பே. தில்லியில் கிடைக்கும் ஏதோ ஒரு கீரையை நம் வீட்டுப் பெண்டிர் நம் ஊர்க் கீரையின் பெயரால் அழைப்பதில்லையா?

உண்மையான சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் தான் பிறந்த அதே ஆற்றுக்கு அதன் நீரின் மணத்தைக் கொண்டே வழி கண்டு திரும்பும் மீன். இந்திய நதிகளில் அது இயற்கையாக இல்லை. அதன் நெருங்கிய உறவான டிரவுட் என்னும் மீனும் நம் நாட்டில் தானாகப் பிறந்ததன்று. ஆயினும் இன்று காஷ்மீரத்திலும், இமாசலப் பிரதேசத்திலும், நம் நீலகிரியிலும் அது வாழ்கிறது. அதன் வரலாற்றையும், ஸ்ரீநகரத்திலிருந்து வழிகாட்டி ஒருவருடன் அதைப் பிடிக்கப் போய் நாம் கற்றுவந்த பாடத்தையும் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வரலாறு. டிரவுட் வாழ வேண்டுமாயின் நீர் குளிர்ந்திருத்தல் வேண்டும், ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும், கல்லில் மோதி நுரைத்துக் காற்றை நிரம்ப உட்கொண்டிருத்தல் வேண்டும். வெப்பம் இருபது டிகிரியைத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். இத்தகைய மீனைக் கப்பலேற்றி வெப்ப நாடுகளைக் கடந்து கொண்டுவருவது எவ்வாறு? உயிருள்ள மீனாகக் கொண்டுவருவது அரிது. முட்டையாகக் கொண்டுவரலாம். முட்டைக்குள் குஞ்சின் கண் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும் பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்து முட்டைகள் ஓரளவு அசைவைத் தாங்கும். அவற்றைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே வைத்தால், வளர்ச்சி மெல்ல மெல்லவே நடக்கும். இம்முறையில்தான் 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு முட்டைகள் போய்ச் சேர்ந்தன.

காஷ்மீரத்தில் இம்முயற்சிக்கு முன்னின்றவர் எப். ஜே. மிட்செல் என்பவர். அவர் மீன்துறை வல்லுநர் அல்லர். ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்தியவர். பிரதாப சிங் மகாராஜா ஆண்ட காலம் அது. 1899ஆம் ஆண்டில் பெட்போர்டு பிரபு அன்பளிப்பாக அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. மறு ஆண்டு, 1900இல், ஸ்காட்லாந்திலிருந்து மீண்டும் வரவழைத்தனர். இம்முறை வெற்றி கிட்டியது. தாசிகாம் காட்டு ஓடையின் நீரில் குஞ்சுகள் வளர்ந்தன. பின்னர் ஹார்வனிலும் பிற இடங்களிலும் பண்ணைகள் தோன்றின. அங்கிருந்து முட்டைகள் குளு பள்ளத்தாக்குக்குச் சென்றன. 1909ஆம் ஆண்டளவில் பியாஸ் நதியும் டிரவுட் நதியாயிற்று. இவ்வாறு முதலில் வந்தது பழுப்பு டிரவுட். இதற்கும் அட்லாண்டிக் சால்மனுக்கும் விஞ்ஞானிகள் வழங்கும் முதற்பெயர் ஒன்றே. பின்னர் வந்த வானவில் டிரவுட், பசிபிக் கரையைச் சேர்ந்த வேறு கிளையினது. அதனைப் பசிபிக் சால்மனின் இனத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று விஞ்ஞானிகள் முடிவு செய்தது 1989இல்தான்.

நம் நீலகிரியின் கதையும் இதைப் போன்றதே. பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர், 1860களிலேயே உதகமண்டலத்துக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னும் பலர் முயன்றனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச். சி. வில்சன் என்பவர் கையில்தான் முயற்சி பலித்தது. அவலாஞ்சியில் அமைந்த குஞ்சு பொரிப்பகம் அக்காலத்தது. ஆதலால் டிரவுட் என்னும் சொல் நம் மக்களுக்கு முற்றும் புதியதன்று. உதகைப் பக்கத்து நேயர்கள் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ‘இது எங்கள் மலை மீனாயிற்றே’ என்று புன்னகை செய்வார்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். தில்லியிலிருந்து நாங்கள் நால்வர் ஸ்ரீநகர் சென்றிருந்தோம். ஒருவர் கணக்குத் துறையில் பணிபுரியும் அண்ணாச்சி. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாட்களிலெல்லாம் தூண்டிலோடு படித்துறையில் உட்கார்ந்திருந்ததாகத் தாமே பெருமையோடு சொல்லுவார். மற்றொருவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், புலால் உண்ணாதவர். மூன்றாமவன் அவருடைய பன்னிரண்டு வயது மகன். நான்காவது நாம். எங்களுள் உருது மொழியில் தடையின்றிப் பேசவல்லவர் நாம் ஒருவரே ஆதலின், மொழிபெயர்ப்பு வேலை விடுமுறையிலும் எம்மைவிட்டு நீங்கவில்லை.

காஷ்மீர ஓடைகளில் எவரும் நினைத்தபடி தூண்டில் போட்டுவிட முடியாது. ஆறு ஒவ்வொன்றும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அப்பகுதியை ‘பீட்’ என்றே அங்கு வழங்குகிறார்கள். ஒரு பீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்பது கணக்கு. மீன்துறை அலுவலகத்தில் பணம் கட்டி, நாளும் இடமும் குறித்த அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். டிரவுட் பருவம் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரோடு முடியும். இத்தனை மீனுக்கு மேல் கொண்டுபோகலாகாது, இந்த நீளத்துக்குக் குறைந்ததைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும் என்பவை சீட்டின் நிபந்தனைகள். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, “தம்பி, மீனுக்கும் ரேஷன் கார்டு வைத்துவிட்டார்களே!” என்றார்.

எங்களுக்குக் கிடைத்தது சிந்து ஓடையின் கிளையொன்று. சிந்து என்றவுடன் பஞ்சாபைக் கடந்து கடலில் கலக்கும் பெருநதியை எண்ணிவிடக் கூடாது. இது சோஜிலாக் கணவாயின் பக்கத்துப் பனிமலைகளில் பிறந்து, சோனாமார்க், கங்கன், காந்தர்பல் வழியாக இறங்கி, ஷாதிபூரில் ஜீலத்தோடு கலக்கும் வேறொரு நதி. அக்கூடலைக் காஷ்மீரத்துப் பண்டிதர்கள் தங்கள் பிரயாகை என்று போற்றுவர். ஜூன், ஜூலையில் பனி உருகி வருவதால் அதன் நீர் பாலைப் போல் கலங்கியிருக்கும். மீனுக்குத் தூண்டில் தெரியாது. செப்டம்பரில் உருகுதல் குறைந்து, நீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அப்போது மீனுக்குத் தூண்டில் மட்டுமன்று, அதைப் பிடித்திருப்பவனும் தெரிவான். தொல்லை அங்கேதான் இருக்கிறது.

மீன் பிடிக்க வருவோர்க்குத் துணையாக வருபவரை அங்கு ‘ஷிகாரி’ என்பார்கள். எங்கள் ஷிகாரி அறுபது வயதை எட்டியவர். தந்தையும் பாட்டனும் இதே தொழில் செய்தவர்கள். அவருக்கென்று கால் காணி நிலமும் நாலைந்து வாதுமை மரங்களும் உண்டு. காஷ்மீரத்தில் அக்ரோட் எனப்படும் அந்த வாதுமையை அறுவடை செய்யும் காலமாதலால், தோலுரித்த கறை ஏறி அவருடைய விரல்கள் பத்தும் கறுத்திருந்தன. காலை ஏழு மணிக்கு எங்களுக்காகக் கங்கன் கடைத்தெருவில் காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை ‘சாசா’ என்று அழைத்தோம். சிற்றப்பா என்பது பொருள்.

ஆற்றங்கரையை அடைந்ததும் சாசா தூண்டிலைத் தொடவே இல்லை. காற்சட்டையை மடித்துக்கொண்டு நீரில் இறங்கி, உள்ளங்கையளவு கல் ஒன்றைப் புரட்டினார். அதன் அடியில் எள்ளும் நெல்லுமாகப் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில, மணலைத் தைத்துத் தமக்கென்று சட்டை செய்து அணிந்திருந்தன. “இன்று மீனின் சாப்பாடு இது” என்றார். பிறகு தம் தொப்பியின் விளிம்பில் குத்தி வைத்திருந்த பொய் ஈக்களில் ஒன்றை எடுத்தார். கோழி இறகும் முயல் ரோமமும் கொண்டு சிறு முள்ளில் நூலால் கட்டியது அது. கல்லின் அடியில் கண்ட பூச்சிக்கும் அதற்கும் நிறத்திலும் பருமனிலும் அப்படியோர் ஒற்றுமை.

நம் ஊர்த் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அண்ணாச்சி விரைவில் கண்டுகொண்டார். நாம் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி எறிந்துவிட்டு, தக்கை அசையும்வரை காத்திருப்போம். ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே ஈயம் இல்லை. பொய் ஈக்கோ இறகின் கனந்தான். ஆகவே நரம்பையே தடிப்பாகச் செய்து, அதன் கனத்தைக் கொண்டே ஈயை வீசுகிறார்கள். கோலைப் பின்னே கொண்டுபோய், நரம்பு முழுதும் பின்னால் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே செலுத்த வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமையில்தான் வித்தை முழுதும் இருக்கிறது. அண்ணாச்சியின் முதல் வீச்சு வில்லோ மரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டாவது அவருடைய தொப்பியில். மூன்றாவது ஆசிரியரின் சால்வையில். ஆசிரியர் அதன்பின் பாறை ஒன்றின் பின்னே இடம் பார்த்து அமர்ந்துவிட்டார்.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேற்கு கிழக்கு எதுவாயினும் வருகின்ற நீரைப் பார்த்தபடியே நிற்கும். உணவு மிதந்து வருவது அத்திசையிலிருந்து. ஆதலால் பிடிப்பவன் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்புறமாகவே செல்லவேண்டும். நிழல் நீரில் விழக்கூடாது. காலடி அதிரக்கூடாது. சிறுவன் இதை உடனே பிடித்துக்கொண்டான். பதினோரு மணியளவில் அவனுடைய தூண்டிலில்தான் முதல் மீன் சிக்கியது. பொன்னிற வயிறு, பக்கங்களில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிறிய வளையம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல் அது. நூற்றிருபது ஆண்டுகளில் அது காஷ்மீரத்து மீனாகிவிட்டது. சிறுவன் அதைக் கண்டதும் மகிழ்ச்சியால் கூவினான். மறுகணமே தந்தையின் முகத்தைப் பார்த்தான்.

ஆசிரியர் கோபிக்கவில்லை. “பசிக்காகப் பிடிப்பது வேறு; பொழுதுபோக்குக்காகப் பிடிப்பது வேறு. அதை மட்டும் அவரிடம் கேளுங்கள்” என்று நம்மிடம் கூறினார். புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் நூலைக் கற்பிப்பவர் அவர், கேட்பதில் வியப்பில்லை. நாம் கேட்டோம். சாசா சிறிது நேரம் எண்ணிவிட்டு, தங்கள் ஊரில் மீன் பசிக்கும் உணவு, வழிபாட்டுக்கும் உணவு என்றார். காஷ்மீரப் பண்டிதர்கள் மார்கழி, தை மாதங்களையொட்டி ஒரு நாள் இல்லத்துத் தெய்வத்துக்கு மீனும் சோறும் படைப்பதை ‘காட பத்த’ என்பர். காட் என்றால் மீன். பத்த என்றால் சோறு. ஆனால் அதே காஷ்மீரத்தில், மட்டன் என்னும் ஊரின் ஊற்றில் துள்ளும் மீன்களைக் கோயிலுக்கு உரியவை என்று எவரும் தொடுவதில்லை. “எந்த நீரில் பிடிக்கலாம், எந்த நீரில் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்” என்பது அவர் விடை. ஆசிரியருக்கு அது முழு விடையாக அமையவில்லை. எனினும், அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

இனி நாம் சொல்லவந்த நிகழ்ச்சி.

பிற்பகல் மூன்று மணிவரை அண்ணாச்சிக்கு ஒரு மீன்கூடக் கிட்டவில்லை. சிறுவனுக்கு மூன்று, நமக்கு ஒன்று. தாமிரபரணிக்காரர் முகம் வாடியிருந்தது. உப்பிட்டுக் காய்ச்சிய நூன் சாயையும் ரொட்டியையும் தொடாமல் மறுத்துவிட்டார். கடைசியில் மடு ஒன்றின் விளிம்பில் அவருடைய கோல் வளைந்தது. பதறாமல், நரம்பைத் தளர்த்தியும் இழுத்தும், நீரிலேயே மீனை ஓய வைத்து, கரைக்குக் கொண்டுவந்தார். அழகாகத்தான் செய்தார். சாசா வலையில் ஏந்தி எடுத்து, தம் கைத்தடியில் செதுக்கியிருந்த கோட்டோடு மீனை ஒட்டிப் பார்த்தார். வால் நுனி கோட்டை எட்டவில்லை. விரற்கடை குறைவு.

“சிறியது; விடவேண்டும்” என்றார் சாசா.

அண்ணாச்சி நம் பக்கம் திரும்பினார். “தம்பி, காலையிலிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.”

நேயர்களே, மொழிபெயர்ப்பாளனுக்கு விதி ஒன்று உண்டு. சொன்னதைச் சொல்லவேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அலுவலகத்தில் இவ்விதியை இளையவர்களுக்குக் கற்பிப்பவர்கள் நாம். அன்று அதை மீறினோம். “இவர் தம் ஊரில் ஆற்றங்கரையில் வளர்ந்தவர், இந்த மீனை நினைவுக்காக எடுத்துச்செல்ல நீங்கள் அனுமதித்தால் மிகவும் மகிழ்வார்” என்று பணத்தை விழுங்கிவிட்டு உருதுவில் அழகாகச் சொன்னோம். நண்பருடைய மானத்தைக் காக்கிறோம் என்று எண்ணம்.

சாசா சிரித்தார். “ஜனாப், ரூபாயை ஏன் விட்டுவிட்டீர்கள்? அந்தச் சொல் எங்களுக்கும் அதுதான்” என்றார்.

நமக்கு முகம் சிவந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. மீனை நீருக்குள் தாழ்த்தி, அதன் தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கும்படி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அது செவுள்களை மெல்லத் திறந்து மூடியது. அவ்வாறு பிடித்திருந்தபடியே பேசினார். அவர் சொன்னதைச் சுருக்கியும் பெருக்கியும் சொல்லாமல், இம்முறை அப்படியே தருகிறோம்.

“நீங்கள் நாளை தில்லி போவீர்கள். நான் நாளையும் இதே கல்லின்மேல் நிற்கவேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் இவை முட்டையிடும். இது முதல்முறை முட்டையிடப்போகும் மீனாக இருக்கலாம். இதை நான் ஐந்நூறுக்கு விற்றால், வரும் ஆண்டு உங்களைப் போன்றவர்களை எதைக் காட்டிக் கூட்டிவருவேன்?”

கைகளைத் தளர்த்தினார். மீன் ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு மடுவின் இருளுக்குள் போய்விட்டது. அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. வண்டியில் திரும்பும்போது, “பத்து வயதில் எங்கள் அப்பாவும் ஒரு கெண்டைக்குஞ்சைத் திரும்ப விடச்சொன்னார். அன்றைக்கும் எனக்குக் கோபந்தான் வந்தது” என்று மட்டும் கூறினார்.

நண்பர்களே, ஒரு முதியவரின் நேர்மையைப் புகழ்வதோடு இதனை முடித்துவிடலாம். ஆயின் அவ்வோடைகளின் நிலைமையையும் சொன்னால்தான் அவருடைய சொல்லின் கனம் விளங்கும்.

டிரவுட் தன் முட்டைகளை ஆற்றின் அடியில் உள்ள பருக்கைக் கற்களைத் தோண்டி இடுகிறது. கற்களின் இடுக்கில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டை மூச்சுவிடும். கட்டட வேலைக்காக ஆற்றுப் படுகையிலிருந்து கல்லும் மணலும் அள்ளும்போது அந்தத் தொட்டில் போய்விடுகிறது. மேலிருந்து வரும் சேறு, எஞ்சியவற்றையும் மூடிவிடுகிறது. மின்சாரத்துக்காக நீரைக் கால்வாயில் திருப்பும் இடங்களில் பழைய படுகை மெலிந்துபோகிறது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜீலம் பெருக்கெடுத்து ஸ்ரீநகரை மூழ்கடித்தபோது, ஓடைகளும் தம் கரைகளைப் புரட்டிப்போட்டன. அதற்கு நேர்மாறாக, பனி குறைந்த குளிர்காலத்தின் முடிவில், 2025 பிப்ரவரியில், முகலாயர் தோட்டம் அமைத்த அச்சபல் ஊற்று வற்றிப்போயிற்று. தலைமுறை தலைமுறையாகக் குளிர்நீர் தந்த ஊற்று அது. குளிர்நீர் இல்லையேல் டிரவுட் இல்லை.

மற்றொரு பக்கமும் உண்டு, அதையும் மறைத்தலாகாது. டிரவுட் வந்தேறிய மீன். காஷ்மீர நீர்நிலைகளில் அதற்கு முன்பே, அந்நிலத்துக்கே உரிய மீன்கள் வாழ்ந்துவந்தன, இன்றும் வாழ்கின்றன. ஆங்கிலேயர் அவற்றைப் ‘பனி டிரவுட்’ என்றனர். அதுவும் தவறான பெயரே. அவை நம் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. டிரவுட் அவற்றின் குஞ்சுகளை உண்ணும். அவற்றின் இரையிலும் பங்கு கேட்கும். ஆதலால் எந்த ஓடையிலும் கண்மூடிக்கொண்டு டிரவுட் குஞ்சுகளை விடுவது நன்றன்று என்பதை இன்று அறிந்தோர் ஒப்புகின்றனர். பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கு இதில் ஒரு நினைவூட்டல் இருக்கலாம். வந்தவர் நிலைத்து வாழலாம்; ஆனால், முன்பிருந்தவருக்கும் அந்நீரில் இடமுண்டு.

இன்னொன்றும் கூறவேண்டும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பஹல்காமை அடுத்த பைசரன் புல்வெளியில் இருபத்தாறு பேர் கொடியவர்களால் கொல்லப்பட்டனர். நாடே துயருற்றது. அதன்பின் பயணிகள் வருவது நின்றுபோயிற்று. டிரவுட் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஷிகாரிகளுக்கும் குதிரைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் அவ்வாண்டின் வருவாய் பெரும்பாலும் அந்த மாதத்தோடு முடிந்தது. நாம் அலுவலகத்தில் அமர்ந்து, சாசாவுக்கு என்ன சொல்லி எழுதுவது என்று வாக்கியம் தேடிக்கொண்டிருந்தோம். ஆறுதல் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் தவறானதாகவே தோன்றியது. அதற்குள் அண்ணாச்சி தமக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து இந்திச் சொற்களைக் கொண்டே தொலைபேசியில் அவருடன் பேசிவிட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டோம். “மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றார். அடுத்த வருஷம் வருகிறேன் என்றேன். வேறென்ன பேச, தம்பி?” என்றார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத உரையாடல்களும் உலகில் உண்டு.

போக எண்ணும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். பருவத்தின் முதற்பகுதியும் கடைசிப்பகுதியும் ஏற்றவை. நடுக்கோடையில் பெரிய ஆறுகள் கலங்கியிருக்கும். 2025 ஜூன் மாதத்திலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு இரயில் ஓடுகிறது. செனாப் பெரும்பாலத்தின்மேல் அது செல்லும். புறப்படுமுன் அந்தந்தப் பகுதி பயணிகளுக்குத் திறந்திருக்கிறதா என்பதை அரசு அறிவிப்பின் மூலம் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதிச் சீட்டை மீன்துறையிடமே பெறுங்கள், இடைத்தரகர் வேண்டா. நீர் எலும்பைத் துளைக்கும் குளிர்ச்சியுடையது, பாறைகள் வழுக்கும். கம்பளிச் சட்டையும் நல்ல பிடிப்புள்ள காலணியும் மாற்றுடையும் வேண்டும். மீன் உண்ணாதவர்களும் தாராளமாகப் போகலாம். முள்ளின் கொக்கியை மழுக்கிவிட்டு, பிடித்ததை நனைந்த கையால் பற்றி நீரிலேயே விடுவித்துவிடும் வழக்கமும் இப்போது பெருகிவருகிறது.

உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். கூலியை முன்பே பேசி, பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். மனமிருந்தால் கூடவும் கொடுக்கலாம். ஆனால் அதை மாலையில், மீன்கூடையை மூடிய பிறகு கொடுங்கள்.